பாரதியார் பத்திரிகைத் தொழில் கற்ற கதை

பாரதியார் பாட்டைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் பாடுகிறார்கள். கல்யாண வீட்டில் பாடுகிறார்கள். பொதுக்கூட்ட மேடையிலும் பாடுகிறார்கள்.

ஆனால், பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை.

பிழைப்புக்கு அவர் செய்தது பத்திரிகைத் தொழில். 1904-ம் ஆண்டு, 22 வயது நிறைவதற்கு முன்பே, சென்னையில் ஒரு பத்திரிகை ஆபீசில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1921-ம் ஆண்டில் கண்ணை மூடியபோதும், அதே பத்திரிகையில் உதவி ஆசிரியராகத்தான் இருந்தார். இடையில் 17 ஆண்டுகள். அதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

இந்தக் காலத்தில் பத்திரிகைத் தொழிலைக் கல்லூரியில் படிக்கலாம். திருநெல்வேலியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தொடர்பியல் துறை இருக்கிறது. செய்தி எழுதுவது எப்படி, படம் பிடிப்பது எப்படி, ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசுவது எப்படி என்று பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் காலம் இது.

பாரதியார் காலத்தில் இதெல்லாம் கிடையாது. பத்திரிகைத் தொழிலுக்கு என்று தனிக் கல்லூரி தொடங்கிய முதல் பல்கலைக்கழகங்களில் ஒன்று, அமெரிக்காவில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகம். அந்தக் கல்லூரி 1908 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதே சமயத்தில் பாரதியார், பத்திரிகையில் எழுதியதற்காகச் சென்னையை விட்டுத் தப்பி, புதுச்சேரிக்கு ஓடியிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைப் படிப்பு வந்தது 1947-ல்தான்.

அப்படியானால், அவர் தொழிலை எங்கே கற்றார்? யார் கற்றுக் கொடுத்தார்கள்?

எட்டயபுரத்துச் சுப்பையா

பாரதியார் பிறந்தது எட்டயபுரத்தில், 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி. எட்டயபுரம் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனார் சின்னசாமி அய்யர். தாயார் லட்சுமி அம்மாள். பிள்ளைக்குச் சுப்பிரமணியன் என்று பெயர். வீட்டில் கூப்பிட்டது சுப்பையா என்று.

சுப்பையாவுக்கு 5 வயது ஆகும்போது தாயார் இறந்துவிட்டார்.

தகப்பனாருக்குக் கணக்கிலும் யந்திரங்களிலும் ஆசை அதிகம். எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்று தொடங்கினார். மகனும் கணக்குப் படித்து, ஆங்கிலம் படித்து, பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ பாட்டில்தான் மனம் போயிற்று. 11 வயதில் ஜமீன் புலவர்கள் முன்னால் பாடி, பாரதி என்ற பட்டத்தை வாங்கிவிட்டான் பையன். அதன் பிறகு சுப்பையாவைச் சுப்பிரமணிய பாரதி என்று ஊரார் அழைத்தார்கள்.

நெல்லையில் ஆங்கிலப் படிப்பு

1894-ம் ஆண்டு, சின்னசாமி அய்யர் மகனைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். இந்துக் கல்லூரியின் பள்ளிக்கூடப் பிரிவில் சேர்த்தார். எட்டயபுரம் கரிசல் காட்டு ஊர். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விளைகிற மண். திருநெல்வேலியோ, தாமிரபரணி பாயும் ஊர். எங்கு பார்த்தாலும் பச்சை வயல். அங்கே மூன்று ஆண்டுகள் படித்தார்.

அவர் படித்த வகுப்பறையை, நினைவு வகுப்பறையாக அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

படிப்பைத் தொடரப் பணம் வேண்டியிருந்தது. 1897 ஜனவரியில், 14 வயதுப் பையன் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். அதையும் பாட்டாகவே எழுதினான்! படிக்க உதவி செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

அதே ஆண்டில் கல்யாணமும் நடந்தது. மணமகள், கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாள். வயது 7. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பிற்காலத்தில் பாரதியாரே இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

மறு ஆண்டு தகப்பனார் இறந்தார். பருத்தி ஆலை நஷ்டத்தில் மூழ்கிவிட்டது. 15 வயதில் பாரதியார் ஆதரவு இல்லாமல் நின்றார்.

திருநெல்வேலியில் படித்த ஆங்கிலப் படிப்பைப் பற்றிப் பாரதியாருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தம் வாழ்க்கையைப் பாட்டாக எழுதி 1910-ல் வெளியிட்டபோது, தகப்பனாரின் பணம் கரைந்ததைத் தவிர அந்தப் படிப்பால் ஒரு பயனும் இல்லை என்ற கருத்தில் பாடினார். தாய்மொழியையும் சொந்த நாட்டின் சரித்திரத்தையும் சொல்லித் தராத படிப்பு என்பது அவர் கோபம்.

கோபம் நியாயமானதுதான். ஆனாலும், நெல்லையில் கற்ற அந்த ஆங்கிலம்தான் பின்னால் அவருக்குப் பத்திரிகை ஆபீசின் கதவைத் திறந்துவிட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜமீன்தாருக்குப் பத்திரிகை வாசித்தவர்

தகப்பனார் இறந்த பிறகு, காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனார். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். வடமொழியும் இந்தியும் படித்தார். மீசை வைத்ததும், தலைப்பாகை கட்டியதும் காசியில்தான்.

பிறகு, எட்டயபுரம் ஜமீனில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. விசித்திரமான வேலை. ஜமீன்தாருக்குப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் படித்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்குப் புரியும்படி விளக்க வேண்டும்.

பார்த்தால் சாதாரண வேலையாகத் தோன்றும். ஆனால், உரக்கப் படித்துச் சொல்கிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் கேட்பவர் தலையை ஆட்டுகிறார், எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

ஜமீன் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. விட்டுவிட்டார்.

1904 ஆகஸ்டு மாதம், மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழ் ஆசிரியர் ஆனார். சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். மூன்று மாதம்தான் அந்த வேலையும். அதற்கு முந்திய ஜூலையில் அவருடைய பாட்டு ஒன்று மதுரையில் 'விவேகபானு' என்ற பத்திரிகையில் வெளியாகி இருந்தது. அச்சில் வந்த அவரது முதல் பாட்டு அது.

நவம்பர் மாதம் அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டவர், ஜி. சுப்பிரமணிய அய்யர்.

குரு கிடைத்தார்

சுப்பிரமணிய அய்யர் திருவையாற்றுக்காரர். பள்ளிக்கூட ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1878-ம் ஆண்டில், நண்பர்களுடன் சேர்ந்து 'இந்து' என்ற ஆங்கிலப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டால் போதாது என்று நினைத்து, 1882-ல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். வாரப் பத்திரிகையாக இருந்தது, 1899-ல் தினசரி ஆயிற்று.

சொல்வதைச் செய்கிற மனிதர். விதவையான தம் மகளுக்கு 1889-ல் மறுமணம் செய்து வைத்தார். அதற்காகச் சொந்தக்காரர்கள் பகைத்தார்கள். அவர் அசையவில்லை.

இவரிடம்தான் பாரதியார் தொழில் கற்றார். சுதேசமித்திரன் ஆபீஸ்தான் அவருக்குக் கல்லூரி.

அங்கே என்ன வேலை? பெரும்பாலும் மொழிபெயர்ப்பு.

ஆபீசுக்கு வந்தால் மேஜைமேல் ஆங்கிலத் தந்திகள் கிடக்கும். அந்தச் சமயத்தில் ருஷியாவுக்கும் ஜப்பானுக்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. லண்டன் பார்லிமெண்டில் ஒரு பேச்சு, கல்கத்தாவில் ஒரு கூட்டம் என்று சேதிகள் வந்து குவியும். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. ஆகவே, சொற்களைச் சுருக்கி, எலும்புக்கூடு மாதிரி அனுப்புவார்கள். அதற்குச் சதை வைத்து, உயிர் கொடுத்து, தமிழில் எழுத வேண்டும். குறித்த நேரத்துக்குள் எழுத வேண்டும். அச்சுக் கோப்பவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எடுத்துக் கோத்த காலம் அது.

புலவர்கள் ஒரு பாட்டுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பத்திரிகைக்காரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஆங்கிலத்தில் வரும் புதுப்புதுச் சொற்களுக்குத் தமிழில் சொல் இருக்காது. அகராதியில் தேடினால் கிடைக்கிற சொல், மக்களுக்குப் புரியாது. பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் பாரதியார் இந்தத் தொல்லையை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சபையின் மெம்பர் என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. மனதில் தோன்றிய சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். ஒன்று பொருந்தவில்லை. ஒன்று கட்டிவரவில்லை. மற்றொன்று பொருந்துகிறது, ஆனால் பொதுமக்களுக்குத் தெரியாது. அரை மணி நேரம் யோசித்தும் சரியான சொல் அகப்படாமல், கடைசியில் மெம்பர் என்றே வைத்துவிட்டார். யாராவது பண்டிதர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தால் புண்ணியம் என்றும் கேட்டுக்கொண்டார்!

இப்போது உறுப்பினர் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது. அந்தச் சொல் பழகுவதற்கு முன்னால், ஒரு மகாகவி அரை மணி நேரம் தலையைச் சொறிந்திருக்கிறார்.

1905-ம் ஆண்டு ஆகஸ்டில் 'சக்கரவர்த்தினி' என்ற பெண்கள் மாதப் பத்திரிகைக்கும் ஆசிரியர் ஆனார். பெண்கள் படிப்பதற்கு என்று எழுதும்போது நடை இன்னும் எளிதாயிற்று.

சிவப்புக் காகிதம்

சுதேசமித்திரனில் ஒரு குறை அவருக்கு இருந்தது. அது நிதானமான பத்திரிகை. 1905-ல் வங்காளத்தை வெள்ளைக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். நாடு கொதித்தது. பாரதியாருக்குத் திலகரின் தீவிரக் கட்சி பிடித்திருந்தது. பிறர் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க அவரால் முடியவில்லை. மனதில் இருப்பதை எழுத வேண்டும் என்று துடித்தார்.

1906 மே மாதம் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை சென்னையில் பிறந்தது. மண்டயம் திருமலாச்சாரியார் அதன் சொந்தக்காரர். எழுத்து எல்லாம் பாரதியார்.

அந்தப் பத்திரிகையில் அவர் செய்த புதுமைகள் பல. சிவப்புக் காகிதத்தில் அச்சிட்டார். கடையில் நூறு காகிதங்களுக்கு நடுவே கிடந்தாலும் தனியாகத் தெரியும் அல்லவா?

முதல் பக்கத்தில் கேலிச் சித்திரம் போட்டார். கார்ட்டூன் என்று சொல்கிறோமே, அதுதான். அரசியல் கார்ட்டூன்களைத் தொடர்ந்து வெளியிட்ட முதல் தமிழ்ப் பத்திரிகை 'இந்தியா'தான். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம். ஊரில் ஒருவர் பத்திரிகை வாங்குவார். பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் புரியும்.

சந்தா வசூலிலும் ஒரு வேடிக்கை. ஆளுக்கு ஏற்ற சந்தா! சர்க்காருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். ஜமீன்தார்களுக்கும் பிரபுக்களுக்கும் 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15 ரூபாய். மற்றவர்களுக்கு 3 ரூபாய்தான்.

நெல்லையில் துப்பாக்கிச் சூடு

இந்தச் சமயத்தில் பாரதியாரின் சொந்த ஜில்லாவே செய்தியில் அடிபட்டது.

ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, பாரதியாரின் நெருங்கிய நண்பர். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். 1908 மார்ச் 12-ந் தேதி அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள்.

மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. கடைகளை அடைத்தார்கள். பாரதியார் படித்த இந்துக் கல்லூரி மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். முனிசிபல் ஆபீஸ், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் ஆகியவற்றுக்குத் தீ வைத்தார்கள். போலீசார் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள்.

'இந்தியா' பத்திரிகை இதையெல்லாம் மக்கள் பக்கம் நின்று எழுதியது. தெரியாத ஊரில் நடந்த செய்தியைத் தந்தியைப் பார்த்து மொழிபெயர்ப்பது வேறு. தாம் நடந்து திரிந்த தெருவில் ரத்தம் சிந்தியதை எழுதுவது வேறு.

ஜூலையில் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். பிறகு மேல் கோர்ட்டில் அது குறைந்தது. அடுத்தபடி சர்க்காரின் கண், பத்திரிகைகள்மேல் விழுந்தது.

ஜெயிலுக்குப் போனவர் யார்?

பத்திரிகை நடத்துகிறவர்கள் சர்க்காரிடம் பெயரைப் பதிவு செய்யவேண்டும். வழக்கு வந்தால், பதிவான பெயருக்குத்தான் வரும். 'இந்தியா' பத்திரிகைக்கு ஆசிரியர் என்று பதிவாகி இருந்த பெயர் பாரதியார் பெயர் அல்ல. எம். சீனிவாசன் என்பவர் பெயர்.

1908 ஆகஸ்டில் வாரண்டு வந்தது. சீனிவாசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை நடந்தது. 5 ஆண்டு தண்டனை கிடைத்தது.

எழுதியவர் ஒருவர். தண்டனை அடைந்தவர் மற்றொருவர்!

பாரதியார் பிடிபட்டால் பத்திரிகை செத்துப் போகும், அவர் வெளியே இருந்து எழுத வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் போலீசார் அங்கே கை வைக்க முடியாது. பாரதியார் ரெயில் ஏறிவிட்டார்.

இது சரியா, தப்பா என்று அப்போதும் பேசினார்கள். பிறகும் பேசினார்கள். குருவான சுப்பிரமணிய அய்யரைக்கூட அந்த மாதத்தில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்து, பிறகு விடுதலை செய்தார்கள். அவர் ஓடவில்லை. பாரதியார் போனதால்தான் பின்னால் அத்தனை பாட்டுகளும் காவியங்களும் நமக்குக் கிடைத்தன என்பதும் உண்மை. சீனிவாசன் ஜெயிலில் கழித்த நாட்களுக்கு யாரும் பாட்டுப் பாடவில்லை என்பதும் உண்மை.

புதுச்சேரியில் 10 ஆண்டுகள்

அச்சு யந்திரமும் புதுச்சேரிக்கு வந்தது. 1908 அக்டோபரில் 'இந்தியா' மறுபடியும் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 'விஜயா' என்ற தினசரியையும் பாரதியார் நடத்தினார்.

பிரிட்டிஷ் சர்க்கார் சும்மா இருக்குமா? பத்திரிகை தபாலில் வராதபடி தடுத்தது. ஆசிரியரைப் பிடிக்க முடியாவிட்டால் வாசகரைத் தடுத்துவிடலாம் அல்லவா! தமிழ்நாட்டில் படிக்க ஆள் இல்லாமல் பத்திரிகை எப்படி நடக்கும்? 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. மற்றவையும் நின்றன.

1911 ஜூன் 17-ந் தேதி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை மணியாச்சி ரெயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களை ரகசியப் போலீசார் நிழல்போலத் தொடர்ந்தார்கள்.

பத்திரிகை இல்லாத அந்த நாட்களில்தான் 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் பிறந்தன. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-ல் அச்சாயிற்று. ஓரிரு ஆண்டு படித்தவர்களுக்கும் புரியும்படி, எளிய சொல்லில், எளிய நடையில் காவியம் செய்ய வேண்டும் என்ற தமது கொள்கையை அதன் முன்னுரையில் சொன்னார். பத்திரிகை மேஜையில் கற்ற பாடம், காவியத்திலும் ஏறிவிட்டது.

கடையத்தில் வாய்ப்பூட்டு

யுத்தம் முடிந்த சமயம். 1918 நவம்பர் 20-ந் தேதி பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். கடலூர் அருகே பிடித்து ஜெயிலில் போட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அன்னிபெசண்டு அம்மையார், ஏ.ரங்கசாமி அய்யங்கார் முதலியவர்கள் முயற்சி செய்து, டிசம்பர் 14-ந் தேதி விடுதலை ஆனார்.

விடுதலைக்கு நிபந்தனை இருந்தது. அரசியலில் ஈடுபடக்கூடாது. எதை எழுதி வெளியிடுவதானாலும், முதலில் ரகசியப் போலீஸ் அதிகாரிக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும்!

சிவப்புக் காகிதத்தில் எழுதியவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை.

செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குக் குடும்பம் வந்து சேர்ந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, மேற்கு மலை அடிவாரத்தில் உள்ள ஊர் அது. இப்போது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் ராமநதி ஓடுகிறது. அது கடனாநதியில் சேர்ந்து, கடனாநதி தாமிரபரணியில் சேருகிறது. நித்திய கல்யாணி அம்மன் கோவில் பக்கமும் மலை அடிவாரத்திலும் பாரதியார் பாடிக்கொண்டு திரிவார்.

ஊர் அழகாக இருந்தது. வாழ்க்கைதான் அழகாக இல்லை. எல்லா ஜாதியாரோடும் பழகினார், சேர்ந்து சாப்பிட்டார் என்று அக்கிரகாரத்தில் பலர் ஒதுங்கினார்கள். வருமானம் என்று சொல்லத்தக்கது இல்லை. சுதேசமித்திரனுக்குக் கட்டுரைகள் எழுதி அனுப்பினார். அதில் கிடைத்ததுதான். கட்டுரையில் அரசியலைத் தொட முடியாது. பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பி வந்து, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஊரார் பேச்சையும் கேட்டுக்கொண்டு செல்லம்மாள் பட்ட பாடு எந்தச் சரித்திரத்திலும் சரியாக எழுதப்படவில்லை.

ஆனாலும் பாரதியாரின் மூளை ஓயவில்லை. கடையத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய திட்டம் போட்டார். தாம் எழுதியவற்றை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது. மொத்தம் 4 லட்சம் பிரதிகள்! மலிவான விலை. படங்களும் உண்டு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீட்டுக்கு வீடு போகிறதோ, அதைவிட வேகமாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்று நம்பினார். அச்சுச் செலவுக்குக் கடன் கொடுங்கள் என்று 1920-ல் நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பினார்.

பணம் வரவில்லை.

கனவு என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால், அது வெறும் கவிஞனின் கனவு அல்ல. சந்தாவும் அச்சுக்கூலியும் காகித விலையும் தெரிந்த பத்திரிகைக்காரனின் கணக்கு. பாரதியார் இறந்த பிறகு, செல்லம்மாள் 1922-ல் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவருடைய தேச கீதங்களைத் தாமே வெளியிட்டார். 1949-ல் சென்னை சர்க்கார் பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கி, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன் பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டன. எத்தனை பிரதிகள் விற்றிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது கஷ்டம்.

மீண்டும் பழைய மேஜை

1920-ல் தடை நீங்கியது. நவம்பரில் பாரதியார் சென்னைக்குப் போய், சுதேசமித்திரனில் மறுபடியும் உதவி ஆசிரியரானார். ஆபீஸ் அதே ஆபீஸ்தான். ஆனால் சுப்பிரமணிய அய்யர் இல்லை. அவர் 1916-ல் காலமாகி இருந்தார். ஆசிரியர் நாற்காலியில் ரங்கசாமி அய்யங்கார் இருந்தார்.

திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். பார்த்தசாரதி கோவில் யானைக்குத் தேங்காய் பழம் கொடுப்பது வழக்கம். 1921-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், மதம் கொண்டிருந்த யானை அவரைத் தள்ளிவிட்டது. குவளைக் கண்ணன் என்ற நண்பர் பாய்ந்து தூக்கிக் காப்பாற்றினார். காயம் ஆறி, பாரதியார் மறுபடியும் ஆபீசுக்குப் போனார். யானைதான் அவரைக் கொன்றது என்று சிலர் சொல்வது சரியல்ல. ஜூலை கடைசியில் ஈரோடு பக்கத்தில் கருங்கல்பாளையத்துக்குப் போய், வாசகசாலை ஆண்டு விழாவில் பேசிவிட்டு வந்தார்.

செப்டம்பரில் வயிற்றுக் கடுப்பு கண்டது. ஏற்கெனவே மெலிந்த உடம்பு. மருந்து சாப்பிட மறுத்தார்.

செப்டம்பர் 11-ந் தேதி இரவு, நண்பர்கள் சிலர் பக்கத்தில் இருந்தார்கள். அந்த நாளில் ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கான், பிரிட்டிஷாரை எதிர்த்து நின்று பெயர் பெற்றிருந்தார். அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, காலையில் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பாரதியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வயது 39 நிறையவில்லை. காலையில் மயானத்துக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள்.

அன்று சுதேசமித்திரன் ஆபீசுக்கு அமானுல்லா கான் கட்டுரை வரவில்லை. உதவி ஆசிரியர் இறந்துவிட்டார் என்ற செய்திதான் வந்தது.